எவர்சில்வர் கேண்டில் ஃபில்டர்: எத்தனை கேண்டில் போடுவது, எப்படிப் பராமரிப்பது?

மைதிலி, திருச்சி:

வணக்கம். ஆர்ஓ மெஷினைக் கழற்றிவிட்டுக் கரண்ட் தேவைப்படாத எவர்சில்வர் கேண்டில் ஃபில்டருக்கு (கேண்டில் என்பது உள்ளே தண்ணீரை வடிகட்டும் பீங்கான் உருளை) மாறலாம் என்று வீட்டில் முடிவு. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

குடிக்க, சமைக்க மாநகராட்சியின் காவிரித் தண்ணீர். அது தரைத்தொட்டியில் விழுந்து, மோட்டார் போட்டு மாடி டேங்குக்கு ஏறி, அங்கிருந்து சமையலறைக் குழாய்க்கு வருகிறது. டிடிஎஸ் மீட்டரில் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டுவது) 310. போர் தண்ணீர் தனி லைன், 1,150 காட்டுகிறது. அது குளிக்கவும் துவைக்கவும் மட்டும். பெரியவர்கள் நான்கு பேர், ஒரு குழந்தை.

பரணில் இரண்டு கேண்டில் போட்ட பழைய ஃபில்டர் ஒன்று கிடக்கிறது. கழுவித் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில் மேல் அடுக்கு காலியாக ஒரு நாள் முழுக்க ஆகிறது. அதையே சரி செய்துகொள்ளலாமா, புதிது வாங்க வேண்டுமா? எங்கள் தண்ணீருக்கு இது போதுமா? கேண்டிலை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும், எப்போது மாற்ற வேண்டும்? உப்பு போட்டுத் தேய்க்கச் சொல்கிறார்கள், கொதிக்க வைக்கச் சொல்கிறார்கள், எது சரி?

நீர்ப்பரிசோதகன்:

மேடம், ஃபில்டரைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் தண்ணீர். கேண்டில் ஒரு சல்லடை, அவ்வளவுதான். கலங்கல், துரு, பாக்டீரியா, ஜியார்டியா மாதிரி வயிற்றுப்போக்குக் கிருமிகள், இவற்றை நிறுத்தும். தண்ணீரில் கரைந்திருக்கும் எதையும் நிறுத்தாது. உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட் எல்லாம் போட்டபடியே கீழே இறங்கும். வாங்கிய பிறகு "தண்ணி இன்னும் உப்பு கரிக்குதே" என்று வருத்தப்படுகிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

உங்கள் 310-க்கு ஆர்ஓ தேவையே இல்லை. இந்தியக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500 டிடிஎஸ்ஸுக்கு லிட்டருக்கு 500 மி.கி. வரை நல்லது என்கிறது. 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆர்ஓ பற்றிப் போட்ட உத்தரவிலும் இதே 500-தான் கோடு. போர் லைனை மட்டும் தவறிக்கூட இந்த ஃபில்டரில் ஊற்றாதீர்கள்.

ஆனால் டிடிஎஸ் மீட்டரை முழுசாக நம்பிவிடக் கூடாது. அது கரைந்திருக்கும் மொத்த உப்பை மட்டும் தோராயமாகக் காட்டும். சாக்கடை கலந்த தண்ணீரும் 310 காட்டலாம். ஃபுளோரைடு 2 மி.கி. இருந்தால் பல்லைக் கெடுக்கும், மீட்டரில் அது தெரியவே தெரியாது. காவிரித் தண்ணீருக்கு அந்தப் பயம் குறைவு. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் போர் தண்ணீர் குடிப்பவர்கள் இதைப் படித்தால் ஃபுளோரைடு பார்க்காமல் கேண்டில் ஃபில்டரை நம்பி இருக்காதீர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அந்த ஃபுளோரைடுக்காக வந்ததுதான். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதித்துக்கொள்ளலாம். ஃபுளோரைடு 1.5-க்கு மேல், நைட்ரேட் 45-க்கு மேல் என்றால் அந்தத் தண்ணீருக்கு இந்த வழி கிடையாது.

அடுத்தது குளோரின். கேண்டிலின் துளை அரை மைக்ரான், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பாக்டீரியா அதில் சிக்கும், வைரஸ் சிக்காது. 1892-ல் ரஷ்யாவில் இவனோவ்ஸ்கி என்பவர் நோய் பிடித்த புகையிலைச் சாற்றைப் பீங்கான் கேண்டிலில் வடிகட்டிப் பார்த்தார். வடிந்த தெளிந்த சாறும் நோயைப் பரப்பியது. வைரஸ் என்ற ஒன்று இருப்பதே அப்படித்தான் வெளியே தெரிய ஆரம்பித்தது. மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைடிஸ் ஏ, இ, குழந்தைகளுக்கு வரும் ரோட்டா எல்லாம் வைரஸ்கள்தான். அவற்றை அடக்குவது குளோரின், அல்லது கொதிக்க வைப்பது.

ஆகவே சமையலறைக் குழாயில் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். ஊராட்சித் தொட்டி ஆபரேட்டர்கள் வைத்திருப்பார்களே, குளோரோஸ்கோப், அதே சொட்டு மருந்துக் கிட் மீன்தொட்டிக் கடையிலும் நீச்சல்குளச் சாமான் விற்கும் கடையிலும் கிடைக்கும். 0.2 மி.கி. இருந்தால் சரி. தெருக் குழாயில் இருந்துவிட்டு மாடி டேங்குக்குப் போனதும் காணாமல் போவது சகஜம். வெயில், சேறு, பாசி மூன்றும் தின்றுவிடும். அப்படி இருந்தால் தண்ணீர் வரும் நேரத்தில் தெரு லைனிலிருந்தே குடிக்கிற தண்ணீரைக் குடத்தில் பிடித்து ஃபில்டரில் ஊற்றுங்கள். குழந்தை இருக்கும் வீடு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ராஜா மதுரை:

இவ்வளவு யோசிக்கவே வேண்டாம் மேடம். தண்ணியை நல்லாக் கொதிக்க வச்சு, ஆறுனதும் ஃபில்டர்ல ஊத்திருங்க. கிருமியும் போச்சு, தூசியும் போச்சு.

கலா டீச்சர்:

ராஜா தம்பி, அந்த வரிசையை மாற்ற வேண்டும். கொதித்த தண்ணீர் சுத்தம். அதைக் கொண்டுபோய் வாரக்கணக்கில் அழுக்கு பிடித்திருக்கும் கேண்டில் வழியாகவும், கை பட்ட கீழ் அடுக்கு வழியாகவும் இறக்கினால், கொன்ற கிருமியைத் திரும்ப விருந்துக்குக் கூப்பிட்ட கணக்கு. ஆறாமல் சூட்டோடு ஊற்றினால் கேண்டிலின் பிளாஸ்டிக் அடிப்பகுதியை ஒட்டியிருக்கும் பசை விட்டுவிடும். அங்கே முடி அளவு இடைவெளி வந்தால் போதும், தண்ணீர் பீங்கானைத் தொடாமலே கீழே போகும்.

முதலில் வடிகட்ட வேண்டும், பிறகு கொதிக்க வைக்க வேண்டும். தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் ஆனால் போதும், கொதித்த பாத்திரத்திலேயே மூடி ஆற வைத்துக் குடிக்கலாம். எல்லா நாளும் தேவையில்லை. மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீர் கலங்கலாக வரும்போது, தெருவில் குழி தோண்டியிருக்கும்போது, அக்கம்பக்கத்தில் காமாலை என்று கேள்விப்பட்டால், அந்த நாட்களில் கட்டாயம்.

குளோரின் பற்றி மேலே சொன்னதோடு இன்னொன்று சேர்க்க வேண்டும். பல கேண்டில்களில் உள்ளே கரி நிரப்பியிருக்கும். கரி குளோரின் வாசனையை எடுக்கும், ருசி நன்றாக இருக்கும். ஆனால் வாசனையோடு காவலும் போய்விடுகிறது. வடிந்து கீழ் அடுக்கில் நிற்கும் தண்ணீரில் கிருமி விழுந்தால் தடுக்க எதுவும் இல்லை. வெள்ளி கலந்த கேண்டில் என்று அட்டையில் போட்டிருந்தால், அந்த வெள்ளி கேண்டிலுக்குள் பாக்டீரியா பெருகாமல் பார்த்துக்கொள்ளும்; கீழே நிற்கும் தண்ணீரைக் காப்பது அதன் வேலை இல்லை. அதனால் மேல் அடுக்கைவிடக் கீழ் அடுக்கைத்தான் நான் அதிகம் கவனிக்கச் சொல்வேன். இன்று வடிந்ததை நாளைக்குள் தீர்த்துவிடுங்கள். சொம்பு விட்டு மொள்ளவே கூடாது, குழாயில்தான் பிடிக்க வேண்டும். குழாய் துவாரத்துக்குக் கீழே ஒரு விரல் உயரம் தண்ணீர் எப்போதும் தங்கி நிற்கும். வாரம் ஒருமுறை அதைச் சாய்த்துக் கொட்டிவிட்டு உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று இருந்தால் பாசிப்படலம் பிடிக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

அதற்கு மருந்து: வாசனை சேர்க்காத 5 சதவீத சோடியம் ஹைபோகுளோரைட், 5 லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன். கேண்டிலை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, தேய்த்துக் கழுவிய கீழ் அடுக்கில் இதை ஊற்றிக் குழாயையும் திறந்து கொஞ்சம் ஓடவிட்டு, 15 நிமிடம் வைத்துக் கொட்டி, இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். மாதம் ஒருமுறை போதும். ராத்திரி முழுக்க ஊற வைக்காதீர்கள், எவர்சில்வரில் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

பாத்திரக்கடை செல்வம்:

சகோதரி, பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாதீங்க. அந்தக் காலத்துத் தகடு கனமாக இருக்கும். உள்ளே அடிமூலையிலும் வெல்டிங் ஓரத்திலும் பழுப்புப் புள்ளி இருக்கிறதா, நகத்தால் சுரண்டினால் குழி தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் பாத்திரம் நல்ல பாத்திரம். கேண்டில், வாஷர், குழாய் மூன்றையும் புதிதாகப் போட்டால் வேலை முடிந்தது.

புதிது வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் காந்தம் வைத்துப் பார்த்து "ஒட்டல, 304-தான்" என்பார்கள். 304, 202 எல்லாம் எவர்சில்வரின் தர எண்கள். 202-லும் காந்தம் ஒட்டாது. 202 தண்ணீரும் குளோரினும் நிற்கும் இடத்தில் சீக்கிரம் புள்ளி விழும். முத்திரையில் 304 என்று அடித்திருப்பதையும், பில்லில் 304 என்று எழுதித் தருவதையும் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் வீட்டுக்குக் கணக்கு இது. ஐந்து பேருக்குக் குடிக்க, சமைக்க நாளைக்கு 15 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் கேண்டில் ஒன்று, மேல் அடுக்கு நிறைந்திருக்கும்போது மணிக்கு ஒரு லிட்டர் சுமாராக வடிக்கும். ஆனால் மட்டம் குறையக் குறைய மேலிருந்து அழுத்தமும் குறையும், கேண்டிலில் நனையும் பரப்பும் குறையும். பாதி இறங்கினதும் வேகம் பாதிக்குக் கீழே போய்விடும், கடைசி இரண்டு லிட்டர் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். அதனால் இரண்டு கேண்டில் இழுத்துப் பிடித்துத்தான் ஓடும், மூன்று போட்டால் நிம்மதி. அடியில் மூன்றாவது துவாரம் இருந்தால் அடைத்திருக்கும் மூடியைக் கழற்றிப் போட்டுக்கொள்ளலாம். இல்லை என்றால் நீங்களே துளை போட வேண்டாம், விளிம்பில் பிசிறு நின்றால் வாஷர் உட்காராது. அடிக்கடி ஊற்றி மேல் பாதியிலேயே மட்டத்தை வைத்துக்கொண்டால் இரண்டு கேண்டிலும் சமாளிக்கும்.

எல்லா வீட்டிலும் நடக்கிற தவறு ஒன்று. கீழே தண்ணீர் இருக்கும்போதே மேலே முழுசாக நிரப்பிவிட்டுப் படுத்துவிடுவார்கள். காலையில் மேடை எல்லாம் தண்ணீர். இரண்டு அடுக்கும் சேரும் இடுக்கு வழியாக வழிந்திருக்கும், ஃபில்டர் ஓட்டை என்று கடைக்குத் தூக்கி வருவார்கள். கீழே எவ்வளவு காலியோ அவ்வளவுதான் மேலே ஊற்ற வேண்டும்.

கேண்டில் மாட்டும் முறை: வாஷர் மேல் அடுக்கின் உள்ளே, கேண்டிலின் அடிப்பாகத்துக்கும் தகட்டுக்கும் நடுவில். நட்டு வெளியே, அடியில். கையால் மட்டும் இறுக்குங்கள். ஸ்பேனர் போட்டால் பிளாஸ்டிக் தண்டு திருகிப் பசை விடும். கறுப்பு ரப்பர் வாஷர் இரண்டு வருஷத்தில் கல் மாதிரி ஆகிவிடும், தண்ணீரில் ரப்பர் நாற்றமும் வரும். வெள்ளை சிலிக்கான் வாஷர் கேட்டு வாங்குங்கள்.

மாட்டியதும் இந்தச் சோதனையைச் செய்யாமல் குடிக்காதீர்கள். மேல் அடுக்கை மட்டும் ஒரு வாளியின் வாயில் இரண்டு கட்டை வைத்து அதன்மேல் உட்கார வையுங்கள். அடிப்பக்கத்தைத் துணியால் ஈரமில்லாமல் துடையுங்கள். தண்ணீர் நிரப்பிப் பத்து நிமிடம் கழித்துக் கீழே குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தண்டின் நுனித் துவாரத்திலிருந்து மட்டும் சொட்ட வேண்டும். நட்டைச் சுற்றி ஈரம் கசிந்தால் அது வடிகட்டாத தண்ணீர், நேரே குடிதண்ணீரில் கலக்கிறது. வாஷரைத் திருப்பிப் போட்டு மறுபடி பாருங்கள், அப்போதும் கசிந்தால் வாஷரை மாற்றுங்கள்.

கலா டீச்சர்:

செல்வம் அண்ணன் சொன்ன சோதனை வாஷருக்கு. கேண்டிலிலேயே விரிசல் இருந்தால் அதில் தெரியாது. அதற்கு: கேண்டிலை இரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊற வையுங்கள். மீன்தொட்டிக் காற்றுக் குழாய் மாதிரி ஒரு சுத்தமான டியூபைத் தண்டில் செருகி, கேண்டிலை வாளித் தண்ணீரில் முழுசாக அமிழ்த்தி, டியூபில் வாய் வைத்து ஊதுங்கள். நல்ல கேண்டிலின் நனைந்த துளைகள் வழியாக நம் வாய்க் காற்று போகவே முடியாது. ஓர் இடத்திலிருந்து குமிழ் வரிசையாக வந்தால் அங்கே விரிசல். பீங்கானும் பிளாஸ்டிக்கும் சேரும் வளையத்தில் வந்தால் பசை விட்டிருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் இல்லை, தூக்கிப் போட வேண்டியதுதான். புதுக் கேண்டில் வாங்கியதும் ஒருமுறை, கீழே தவறி விழுந்தால் ஒருமுறை இதைச் செய்துவிடுங்கள்.

இனி கழுவுவது. நாள் கணக்கு வைக்காதீர்கள், வேகத்தை அளந்து வையுங்கள். கேண்டில் புதிதாக இருக்கும்போது மேல் அடுக்கை நிரப்பி, ஒரு கேண்டிலின் கீழே அளவு டம்ளரை 15 நிமிடம் வைத்து எத்தனை மில்லி என்று காலண்டரில் எழுதிவிடுங்கள். 250 மில்லி என்று வைத்துக்கொள்வோம். அது 120-க்கு வந்தால் கழுவும் நாள் வந்துவிட்டது. நல்ல காவிரித் தண்ணீருக்கு இரண்டு மூன்று வாரம் போகும், ஆற்றில் புதுத்தண்ணீர் வரும் மாதங்களில் நான்கே நாளில் அடைக்கும். அப்போது நான்காக மடித்த வேட்டித் துணியில் முதலில் வடித்து ஊற்றினால் கேண்டில் தப்பும்.

கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கேண்டிலைக் கழற்றி, தண்டின் துவாரத்தைக் கட்டைவிரலால் அடைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். இதைத்தான் எல்லாரும் மறப்பது: அழுக்குத் தண்ணீர் தண்டு வழியாக உள்ளே போனால் அது சுத்தமான பக்கம், அங்கிருந்து நேரே டம்ளருக்கு வரும். ஓடும் தண்ணீரில் பழைய மெத்தென்ற டூத்பிரஷ்ஷால், அடியிலிருந்து தலைப்பக்கம் வரை சுற்றிச் சுற்றித் தேயுங்கள். பழுப்பு போய் வெள்ளை தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். கடைசி அலசல் வடிகட்டிய தண்ணீரில். சோப்பு கூடவே கூடாது, துளைக்குள் போனால் வாரக்கணக்கில் வாசனை வரும். கல்லுப்பும் வேண்டாம், அழுக்கை எடுக்கிறதோ இல்லையோ, பீங்கானை மேடு பள்ளமாக அரித்துவிடும், ஒரு பக்கம் மெலிந்து அங்கேதான் முதலில் உடையும்.

கொதிக்க வைப்பது முழுக்கப் பீங்கானால் ஆன பழைய வகைக் கேண்டிலுக்கு மட்டும். பச்சைத் தண்ணீரில் போட்டு, அடியில் துணி விரித்து, 10 நிமிடம் கொதிக்கவிட்டு, அதே தண்ணீரில் ஆற விட வேண்டும். சூட்டோடு எடுத்துக் குழாயில் காட்டினால் விரிசல் நிச்சயம். கரி நிரப்பிய, பிளாஸ்டிக் அடி ஒட்டிய கேண்டிலைக் கொதிக்க வைக்கவே கூடாது.

நீர்ப்பரிசோதகன்:

மாற்றும் காலம் பற்றி டீச்சர் சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பீங்கானுக்கு ஒரு ஆயுள், கரிக்கு ஒரு ஆயுள். கழுவியும் வேகம் பழைய அளவில் முக்கால் பங்குக்குத் திரும்பவில்லை என்றால் பீங்கான் ஆழமாக அடைத்துவிட்டது. வேகம் நன்றாக இருந்தும் வடிந்த தண்ணீரில் குளோரின் வாசனை திரும்பினால் கரி தீர்ந்துவிட்டது. தேய்த்தோ வெயிலில் வைத்தோ அதைப் புதுப்பிக்க முடியாது. சாதாரணமாக ஆறு மாதம் முதல் ஒரு வருஷம். திடீரென்று வேகம் கூடினால் யாரும் சந்தேகப்படுவதில்லை, நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான்: விரிசல், அல்லது வாஷர்.

புதுக் கேண்டிலை மாட்டினால் முதல் இரண்டு நிரப்பை செடிக்கு ஊற்றுங்கள். கரித்தூள் கறுப்பாகக் கொஞ்சம் வரும், பயப்பட வேண்டாம். பத்து நாளுக்கு மேல் ஊருக்குப் போனால் இரண்டு அடுக்கையும் கவிழ்த்துவிட்டு, கேண்டிலைக் கழுவி நிழலில் உலர்த்தி வைத்துப் போங்கள். இதைப் படிக்கிற யாராவது பிளாஸ்டிக் உடம்பில் யுஎஃப் நார் (மிக நுண்ணிய துளைகள் உள்ள வடிகட்டும் இழை) வைத்த ஃபில்டர் வைத்திருந்தால் அதற்கு நேர் எதிர் விதி: ஒருமுறை நனைந்த யுஎஃப் காயக் கூடாது, காய்ந்தால் துளைகள் மூடி அதன்பின் தண்ணீர் இறங்காது.

ஃபில்டர் வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க எச்2எஸ் பாட்டில் என்ற பரிசோதனைப் பாட்டில் இருக்கிறது. கோடு வரை வடிந்த தண்ணீரைப் பிடித்து மூடி, 24 முதல் 48 மணி நேரம் அறைச் சூட்டில் வையுங்கள். கறுத்தால் மலக்கிருமிக் கலப்பு இருக்கலாம் என்று பொருள். குழாய்த் தண்ணீர் ஒரு பாட்டில், வடிந்தது ஒரு பாட்டில் என்று சேர்த்து வைத்தால், கோளாறு எங்கே என்பதும் தெரிந்துவிடும்.

மைதிலி, திருச்சி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பழைய ஃபில்டரை டார்ச் அடித்துப் பார்த்தோம், பாத்திரத்தில் புள்ளி இல்லை. மூன்றாவது துவாரமும் இருக்கிறது. ஒரு நட்டைச் சுற்றி ஈரம் கசிகிறது. வாஷர் கறுப்பு, வளைத்தால் வெடிக்கிறது. கீழ் அடுக்கின் பிளாஸ்டிக் குழாயும் மூடிய பிறகு சொட்டுகிறது. குழாயை மட்டும் ஸ்டீலில் மாற்றலாமா? ஏதாவது அளவு பார்க்க வேண்டுமா?

பாத்திரக்கடை செல்வம்:

தாராளமாக மாற்றலாம் சகோதரி. பழைய குழாயைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள், அளவு சொல்லி வாங்கினால் மாறிப்போகும். பார்க்க வேண்டியது இரண்டு: மரை உள்ள பகுதியின் கனம் பாத்திரத் துவாரத்தில் ஆட்டம் இல்லாமல் நுழைய வேண்டும், மரையின் நீளம் தகடு, இரண்டு வாஷர், நட்டு எல்லாம் போட்டும் இரண்டு சுற்று மிச்சம் இருக்க வேண்டும். உள்ளே ஒரு சிலிக்கான் வாஷர், வெளியே ஒன்று. இறுக்கும்போது வெளியே குழாயைத் திருகாமல் பிடித்துக்கொண்டு உள்ளே நட்டை மட்டும் திருப்புங்கள், இல்லாவிட்டால் வாஷர் சுருண்டு ஒரு பக்கம் பிதுங்கும். ஸ்டீல் குழாய் கனம் என்பதால் திறந்து மூடும்போது தகடு அசையும், குழாயை ஒரு கையால் தாங்கிக்கொண்டு திறக்கப் பிள்ளைகளுக்கும் பழக்கிவிடுங்கள். சொம்பு அடியில் வைக்க இடம் வேண்டும், அதனால் அரை அடி உயர ஸ்டாண்டு ஒன்றும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.